ரீலை வெட்டி விளக்கு செய்யாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திண்டுக்கல்காரன். 19 வருஷமா இங்கிலாந்துல பர்மிங்காம் பக்கத்துல இருக்கேன், எலக்ட்ரீசியன் வேலை. தினமும் காலைல டீ குடிக்கும்போதே உங்க பேப்பரை போன்ல படிச்சிருவேன், ஆனா இதுவரைக்கும் ஒரு கடிதம்கூட எழுதினதில்லை. போன ஞாயிறு இணைப்புல பழைய பொருளை வச்சு வீட்டை அழகுபடுத்துறது பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க இல்லையா, அதுல ஒரு போட்டோ, சின்ன பிலிம் ரீல் ஒண்ணை துண்டு துண்டா வெட்டி கூடை மாதிரி பின்னி உள்ள பல்பு போட்டுத் தொங்கவிட்டிருந்தாங்க. கீழ ரெண்டு வரி, இந்த மாதிரி சின்ன ரீல்ல முழுப் படம்கூட இருக்காது, இப்ப யாருக்கும் உதவாது, பழைய சாமான் கடையில சல்லிசா கிடைக்கும்னு. அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல, நாலு நாள் பொறுத்துப் பார்த்துட்டுத்தான் எழுதுறேன்.

முழுப் படம் இருக்காதுன்னு எழுதினது சரிதான். உதவாதுன்னு எழுதினதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

அந்த ரீல் என்னன்னு முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா நம்ம ஊர்ல பிலிம்னாலே தியேட்டர்ல ஓடுற 35 மி.மீ. பெட்டிதான் ஞாபகம் வரும். இது 8 மி.மீ., சுண்டுவிரல் நகம் அளவு அகலம். கோடாக் கம்பெனி 1932ல கொண்டுவந்தது. 1965ல அதே அகலத்துலயே ஓரத்து ஓட்டையை சின்னதாக்கி படத்தைப் பெருசாக்கி சூப்பர் 8னு விட்டாங்க, அப்பவும் ஒரு படம் 6 மி.மீ. அகலம்கூட வராது. வீட்டுல குழந்தை தவழுறது, கல்யாணம், பீச் போனது இதையெல்லாம் எடுக்கத்தான் அந்த பிலிம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா அதே பிலிம்ல சினிமாப் படத்தை பிரிண்ட் போட்டு பெட்டியில அடைச்சு கடையில வித்தாங்க. அமெரிக்காவுல காசில் பிலிம்ஸ், கென் பிலிம்ஸ், பிளாக்ஹாக், இங்க இங்கிலாந்துல வால்டன், மவுண்டன், நான் இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே டட்லி ஊர்ல டெரான்னு ஒரு கம்பெனி. டெரான்காரங்க வீடியோ வந்து, டிவிடி வந்து, அதுக்கப்புறமும் பல வருஷம் சூப்பர் 8 பிரிண்ட் போட்டு வித்தாங்கன்னா வாங்குறதுக்கு ஆள் இருந்திருக்கு பாருங்க.

இப்ப கல்ட் படம் கல்ட் படம்னு எல்லாரும் சொல்றோம். பத்து தடவை, அம்பது தடவை பார்த்து வசனம் மனப்பாடமாகி, அந்தப் படத்துக்குன்னே ஒரு கூட்டம் சேர்றது. ஆனா ஒரு படத்தை அம்பது தடவை பார்க்கணும்னா அது கையில இருக்கணும் இல்லையா? வி.எச்.எஸ். வீடியோ கேசட் ஜப்பான்ல வந்ததே 1976ல. அதுக்கு முன்னாடி தியேட்டரை விட்டுப் படம் தூக்கிட்டா அவ்வளவுதான், டிவில எப்பப் போடுறாங்களோ அப்பத்தான், அதுவும் ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போட்டா சின்னப் பசங்க எங்க பார்க்கிறது. அந்தக் காலத்துல பேய்ப் படம், ராட்சசப் படம், வேற்று கிரகப் படம் பிடிச்ச ஒரு பையன் படத்தை சொந்தமா வச்சுக்கணும்னா இந்த ரீல் ஒண்ணுதான் வழி. அமெரிக்காவுல 1958ல ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க, ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் ஆசிரியர், அதோட பின் பக்கங்கள்ல முகமூடி, பொம்மையோட சேர்த்து இந்த ரீலுக்கும் விளம்பரம் வரும், தபால்ல பணம் அனுப்பி வாங்கிக்கணும். அப்படி வாங்கிப் போர்வையை சுவத்துல மாட்டிப் படம் போட்ட பசங்கதான் கல்ட் படத்துக்கு முதல் கூட்டம்னு நான் நினைக்கிறேன்.

எனக்கு இது ஆரம்பிச்சது 2009ல. இங்க ஞாயித்துக்கிழமை காலைல மைதானத்துல காரோட டிக்கியத் திறந்து வச்சு பழைய சாமான் விப்பாங்க, கார் பூட் சேல்னு பேரு. அங்க ஒரு பாட்டியம்மா கடையில தட்டு, கரண்டிக்கு நடுவுல ஒரு சதுர அட்டைப் பெட்டி, மேல மீன் செதிலோட ஒரு ஜந்து ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போற படம். கிரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன், 1954ல யுனிவர்சல் எடுத்த படம், காசில் பிலிம்ஸ் போட்ட 200 அடி ரீல். மூணு பவுண்ட் குடுத்து வாங்கினேன். ப்ரொஜெக்டர் கிடையாது, அது எப்படி ஓடும்னுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன், நகம் அளவுகூட இல்லாத கட்டத்துக்குள்ள அந்த ஜந்து தண்ணிக்குள்ள நிக்குது. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு அடியா உருவிப் பார்த்துக்கிட்டே இருந்தேன், வீட்டுக்காரம்மா ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் காதுல விழல.

அப்புறம் ஒரு ஜப்பான் ப்ரொஜெக்டர் கிடைச்சுது, நாப்பது வருஷமாக் கிடந்து ரப்பர் பெல்ட் எல்லாம் பிசினா உருகிப் போயிருந்தது. பிரிச்சு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு, புது பெல்ட் வரவழைச்சு, 12 வோல்ட் 100 வாட் ஹாலஜன் பல்பு மாட்டி, மூணு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து ஓடவச்சேன். முதல் தடவை அது டகடகடகன்னு ஓடி சுவத்துல வெளிச்சம் விழுந்து அந்த ஜந்து தண்ணிக்கடியில நீந்துனப்போ என் பொண்ணுக்கு ஆறு வயசு, என் லுங்கியைப் பிடிச்சுக்கிட்டா. தண்ணி மேல அந்தப் பொண்ணு வெள்ளை நீச்சல் டிரஸ்ல நீந்துறா, கீழ அதே வேகத்துல அது மல்லாந்து நீந்திக்கிட்டே அவளைப் பார்க்குது. தண்ணிக்குள்ள நீந்தினவர் ரிக்கூ பிரவுனிங்னு ஒரு நீச்சல்காரர், தரையில நடந்தவர் வேற ஆள். சத்தமில்லாத ரீல், வசனம் எழுத்தா கீழ வரும். அதுக்கப்புறம் முழுப் படத்தையும் டிவிடில பார்த்துட்டேன், நல்ல படம்தான், 79 நிமிஷம். ஆனா கண்ணை மூடினா எனக்கு ஞாபகம் வர்றது அந்த 200 அடிதான்.

இந்த 200 அடி சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லணும், உங்க இணைப்புல முழுப் படம் இல்லைன்னு ஒரு குறையா எழுதியிருந்தாங்களே அதுக்காக. சூப்பர் 8ல ஒரு அடிக்கு 72 படம். 200 அடின்னா 14,400 படம், நொடிக்கு 24ன்னு ஓட்டினா பத்து நிமிஷம், நொடிக்கு 18ன்னா 13 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. ஒண்ணரை மணி நேரப் படத்தை முழுசாப் போடணும்னா 1,800 அடி வேணும், அது சாதாரணக் குடும்பம் வாங்குற விலையில இருக்காது. அதனால யாரோ ஒரு எடிட்டர் உக்காந்து படத்தை முழுசாப் பார்த்து, எதை வச்சா கதை நிக்கும், எதை எடுத்தா பையன் ஏமாந்து போயிடுவான்னு யோசிச்சு வெட்டியிருக்கார். காதல் போயிடும், விஞ்ஞானி விளக்கம் குடுக்கிற சீன் போயிடும், பாதிப் பாத்திரங்க பேர்கூட இல்லாம போயிடுவாங்க. சில ரீல்ல கிளைமேக்ஸ்ல யார் யாரை ஏன் அடிக்கிறாங்கன்னே புரியாது, அது மட்டமான வேலை, அதையும் ஒத்துக்கிறேன். ஆனா நல்லா வெட்டின ரீல்ல படத்தோட மூச்சு மட்டும் தனியா இருக்கும், நம்ம ஊர்ல ராத்திரி பூரா நடக்கிற கூத்துல இருந்து ஒரே ஒரு கட்டத்தை மட்டும் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில ஆடிக் காட்டினா எப்படி இருக்கும், அப்படி. அந்த எடிட்டர் பேரு எந்தப் பெட்டியிலயும் கிடையாது. ஸ்டார் வார்ஸ் 1977ல வந்தப்போ கென் பிலிம்ஸ் அதையும் 200 அடியா வித்தாங்க, கருப்பு வெள்ளை ஊமையா வேணுமா, கலர் ஊமையா, இல்ல கலரும் சத்தமும் சேர்த்தா, கையில இருக்கிற காசுக்குத் தகுந்த மாதிரி. அதுல ஒரு கருப்பு வெள்ளை ஊமை ரீல் என்கிட்ட இருக்கு, இது காசு கம்மியா வச்சிருந்த ஒரு பையன் வாங்கினதா இருக்கும்னு அதைத் தொடும்போதெல்லாம் தோணும்.

கலர் ரீல்தான் வயித்தெரிச்சல். 1980க்கு முன்னாடி போட்ட பிரிண்ட்ல நிறைய ஈஸ்ட்மென் கலர், அதுல மூணு சாயம் இருக்கும், நீலம் கலந்த சாயம் முதல்ல செத்துப்போகும், மிச்சம் ஒரே ரோஸ் கலர்தான். ஹாமர் கம்பெனி டிராகுலா படத்து ரீல் ஒண்ணை ஆசை ஆசையா வாங்கிப் போட்டேன், கோட்டை ரோஸ், காடு ரோஸ், ராத்திரி வானம் ரோஸ், ரத்தம் மட்டும் பார்க்க சரியா இருந்தது. வித்தவர் கலர் நல்லா இருக்குன்னு சொல்லித்தான் வித்தார், சண்டை போட மனசு வரல, போட்டா மட்டும் கலர் திரும்பியா வரப்போகுது. கருப்பு வெள்ளைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது, எழுபது வருஷத்து ரீல்கூட வெள்ளி மாதிரி நிக்குது.

இந்தத் துணுக்கு பிலிமால யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். பிரான்ஸ்ல பாத்தே கம்பெனி 1922ல 9.5 மி.மீ. பிலிம் கொண்டுவந்தாங்க, ஓட்டை ஓரத்துல இல்லாம ரெண்டு படத்துக்கு நடுவுல இருக்கும், எழுத்து வர்ற இடத்துல ஓரத்துல சின்ன வெட்டு போட்டிருப்பாங்க, மெஷின் அந்த வெட்டைத் தொட்டதும் தானா சில நொடி நின்னு படிக்க விட்டு அப்புறம் ஓடும், அவ்வளவு பிலிமும் மிச்சம். 1954ல லண்டன்ல கெவின் பிரவுன்லோங்கிற பள்ளிக்கூடப் பையன் கையில ஏபெல் கான்ஸ்னு ஒரு பிரெஞ்சு டைரக்டர் 1927ல எடுத்த நெப்போலியன் படத்தோட ரெண்டு 9.5 மி.மீ. ரீல் கிடைச்சுது. அந்தப் படத்தை அதுக்குள்ள ஆளாளுக்கு வெட்டிச் சிதைச்சு, முழு வடிவம் எங்கயும் இல்லாம போயிருந்தது. இந்தப் பையன் அந்த ரெண்டு ரீலைப் போட்டுப் பார்த்துட்டு, இப்படி ஒரு படமான்னு மிச்சத்தைத் தேட ஆரம்பிச்சவர், பல வருஷம் தேடினார். 1980ல லண்டன்ல கார்ல் டேவிஸ் இசையோட கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரப் படமாத் திரையிட்டாங்க, அப்புறமும் அவர் சேர்த்துக்கிட்டே போய் அஞ்சரை மணி நேரம் வரைக்கும் வந்துச்சு. அந்த ரெண்டு ரீலை யாராவது வெட்டி விளக்குல மாட்டியிருந்தா?

2008ல அர்ஜென்டினா பியூனஸ் அயர்ஸ் சினிமா மியூசியத்துல மெட்ரோபோலிஸ்ங்கிற ஜெர்மன் ஊமைப் படத்தோட காணாமப் போன பகுதி கிடைச்சதும் 16 மி.மீ. பிலிம்லதான். ஒரே கீறல், ஆனா இருந்தது. இதுக்கு ஒரு காரணமும் இருக்கு. அந்தக் காலத்து 35 மி.மீ. பிலிம் நைட்ரேட், வெடிமருந்து மாதிரி பத்திக்கும், வீட்டுல வைக்க முடியாது. வீட்டுக்குன்னு செஞ்ச 8, 9.5, 16 மி.மீ. பிலிம் ஆரம்பத்துல இருந்தே பெரும்பாலும் சுலபமா தீப்பிடிக்காத அசிட்டேட். ஸ்டுடியோ கிடங்குல எரிஞ்ச படத்துக்கு யாரோ வீட்டு அலமாரியில ஒரு சின்னக் காப்பி தப்பிச்சுக் கிடந்த கதை இப்படித்தான்.

சேகரிக்கிறவங்க எல்லாம் திருட்டுப் பிரிண்ட் கூட்டம்னு ஒரு பேச்சும் உண்டு. 1974 டிசம்பர்ல பிளானட் ஆஃப் த ஏப்ஸ் நடிகர் ராடி மெக்டவல் வீட்டுல எஃப்.பி.ஐ. புகுந்து அவர் சேர்த்து வச்சிருந்த படப் பெட்டிகளையும் கேசட்டையும் அள்ளிட்டுப் போனாங்க, கடைசியில அவர் மேல வழக்கே போடல. ஆனா அந்த பயத்துல நிறைய பேர் தன்கிட்ட என்ன இருக்குன்னு வெளிய சொல்லாமலே காலத்தைத் தள்ளியிருக்காங்க. அந்த 8 மி.மீ. பெட்டியோ உரிமை வாங்கிக் கடையில வித்த சரக்கு, கூலி வேலை செய்றவர்கூட தைரியமா வாங்கி வீட்டுல வைக்கலாம். எனக்கு அந்தப் பெட்டி மேல மரியாதை வர்றதே அதனாலதான்.

சரி, விளக்கு விஷயத்துக்கு வர்றேன். உங்க இணைப்புல வந்த மாதிரியே ஒண்ணை ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காபி கடையில பார்த்தேன், ஊர் பேர் வேண்டாம். மேஜைக்கு மேல பிலிம் பின்னின விளக்கு. அண்ணாந்து பார்த்தா ஓரத்துல பிரவுன் கலர்ல மெல்லிசா ஒரு கோடு, அது சத்தம் பதியுற காந்தப் பட்டை, அப்ப இது கடையில வித்த படமா இருக்கலாம்னு தோணிச்சு. போன் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கருப்பு வெள்ளை, ஒரு வீடு, ஜன்னல்ல பலகை அடிக்கிறாங்க, பலகைச் சந்துல கைகள். நைட் ஆஃப் த லிவிங் டெட். 1968ல பிட்ஸ்பர்க் பக்கத்துல ஜார்ஜ் ரொமேரோ சில்லறைக் காசுல எடுத்த படம், டுவேன் ஜோன்ஸ்னு ஒரு கருப்பின நடிகரைக் கதாநாயகனாப் போட்டு, இன்னைக்கு வர்ற அத்தனை ஜாம்பி படத்துக்கும் அதுதான் தாய். கடைசி நேரத்துல படத்தோட பேரை மாத்தினப்போ காப்பிரைட் வரி பழைய டைட்டில் கார்டோட போயிடுச்சு, அதனால அமெரிக்காவுல அது பொதுச் சொத்தாகி யார் வேணா பிரிண்ட் போடலாம்னு ஆச்சு. அதனால என் கண் முன்னாடி தொங்கினது யார் போட்ட பிரிண்ட்னு தெரிஞ்சுக்க எனக்கு அவ்வளவு ஆசை. கடைக்காரர்கிட்டக் கேட்டேன், நல்ல மனுஷன், மிச்சம் டிராயர்ல கிடக்குதுன்னு கசங்கின சுருளா எடுத்துக் குடுத்தார், காசு வாங்கல. வீட்டுல ஸ்ப்ளைசர்னு பிலிம் ஒட்டுற கருவி வச்சு டேப் போட்டு ஒட்டினேன், 31 துண்டு, மொத்தம் 60 அடி தேறிச்சு. மூணு நிமிஷம். கம்பெனி பேர் வர்ற தலைப்புப் பகுதிதான் விளக்குல மாட்டியிருக்கு போல, சுருள்ல இல்லை. போன மாசம் போய்ப் பார்த்தேன், பல்பு சூட்டுல பிலிம் வளைஞ்சு முறுகிப் போயிருந்தது, இனிமே கழட்டினாலும் மெஷின்ல ஓடாது.

நம்ம ஊருக்கும் இதுல சம்பந்தம் இருக்குன்னுதான் உங்களுக்கு எழுதுறேன். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவோட முதல் ஊமைப் படமான கீசக வதம் இன்னைக்கு இல்லை, 1931ல வந்த முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸ் இல்லை, பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் வச்சுத்தான் பேசிக்கிட்டிருக்கோம். நம்ம ஊர் வீடுகள்லயும் சிங்கப்பூர், மலேசியா, லண்டன்ல இருந்து மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த ப்ரொஜெக்டரும் ரீல் டப்பாவும் பரண்ல கிடக்கலாம், உள்ள லாரல் ஹார்டி இருக்கலாம், ஒரு ராட்சசப் படம் இருக்கலாம், அறுபது வருஷம் முன்னாடி உங்க தெருவே இருக்கலாம்.

அப்படிக் கிடைச்சா தயவுசெஞ்சு உடனே ப்ரொஜெக்டர்ல மாட்டிடாதீங்க. மூக்கால மோந்து பாருங்க, வினிகர் வாடை, அதாவது புளிச்ச காடி வாடை வந்தா அசிட்டேட் கெட ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம், அதை மத்த ரீலோட வைக்காதீங்க, அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுத்துடும். பிளாஸ்டிக் கவர்ல காத்து போகாம கட்டி வைக்காதீங்க, நம்ம ஊர் வெயிலும் ஈரமும்தான் அதுக்கு எமன், மொட்டை மாடிக்குக் கீழ இருக்கிற பரணை விட வீட்டுலயே குளுமையான உலர்ந்த அலமாரி எவ்வளவோ மேல். பிலிம் சுருங்கியிருந்தா ஓட்டை மெஷினோட பல்லுல உக்காராம கிழியும், அதனால தெரிஞ்சவங்ககிட்டக் காட்டி ஸ்கேன் பண்ணுங்க. எந்த வகைன்னு பார்க்கிறது சுலபம், ஓரத்துச் சின்ன ஓட்டை படத்தோட நடுவுக்கு நேரா இருந்தா சூப்பர் 8, ரெண்டு படம் சேர்ற கோட்டுக்கு நேரா கொஞ்சம் பெருசா இருந்தா பழைய 8. ஸ்கேன் பண்ணிட்டோமேன்னு ரீலைத் தூக்கிப் போட்டுடவும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க் செத்தா இதுதான் மிச்சம்.

வீட்டை அழகுபடுத்துறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. பிலிம் இல்லாத வெறும் சக்கரம், துருப்பிடிச்ச டப்பா, ஓடவே ஓடாத மெஷின் இதையெல்லாம் தாராளமா வாங்கி மாட்டட்டும், பார்க்கவும் அழகாத்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு இணைப்புல அதே பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் போடுங்கன்னு கேட்டுக்கிறேன், கத்திரிக்கோலை எடுக்கிறதுக்கு முன்னாடி பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்கன்னு. போட்டோ வேணும்னா அந்த 60 அடியில இருந்து பலகைச் சந்துல கைகள் தெரியுற படத்தைப் பெருசாக்கி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பர்மிங்காம் அருகில் இருந்து